இராசமலர் வீட்டுப் புகை

வட்டக்கச்சியில் இராசமலர் வீட்டு அடுப்புப் புகை ஒருநாளும் காற்றோடு போனதில்லை. சோளகம் அடித்தாலும் வாடை அடித்தாலும் அது தன் பாட்டுக்கு முகட்டை விட்டு எழும்பி, வேலிக்கு மேலால் ஒழுங்கைத் தெருவை ஒருதரம் பார்த்து, அன்றைக்கு எந்த வீட்டில் உலை வைக்கவில்லையோ அந்த வீட்டுக் கூரையில் போய்ப் படுத்துவிடும். படுத்தால் லேசில் எழும்பாது. இராசமலர் ஒரு சட்டியில் சோறும் கறியும் போட்டு, வாழையிலையால் மூடி, படலையைத் திறந்துகொண்டு போய்க் கொடுத்து, அந்த வீட்டு ஆட்கள் முதல் வாய் வைத்த பிறகுதான் கலையும். இதைப் பற்றி ஒழுங்கையில் யாரும் ஆச்சரியப்பட்டதில்லை. பரந்தன் பஸ் பிந்தி வருவது போல, இரணைமடுக் குளத்தில் கதவு திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் வருவது போல, அதுவும் ஒன்று. ஆனால் புகை யார் வீட்டில் படுத்திருக்கிறது என்று பார்க்க அந்த நேரம் எல்லோருக்கும் வெளியே ஏதாவது வேலை இருந்தது. வேலி கட்டாதவன் வேலி பார்த்தான். ஆடு இல்லாதவள் குழை ஒடித்தாள்.

குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்துத் தில்லைநாதன் சரசாலையிலிருந்து வந்தபோது அந்த இடம் பாதி காடு. பிறகால் அவருடைய பெண்சாதி இராசமலர் மாட்டுவண்டியில் ஓர் உரலும் பெரிய சமையல் கிடாரமும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாக வந்து இறங்கினார். ஒழுங்கையில் முதல் எரிந்த அடுப்பு அவருடையது. மற்றக் காணிக்காரர் தங்கள் குடும்பங்களைக் கூட்டி வரும்வரை காடு வெட்டிய ஆண்கள் எல்லோரும் பகலில் அந்தக் குசினி வாசலில்தான் குந்தினார்கள். வேலை மும்முரத்தில் சாப்பிட வர மறந்தவனைத் தேடிப் புகை போகத் தொடங்கியது அந்த நாட்களில்தான் என்பார்கள். மாடு மேய்ச்சல் தரை பழகுவதுபோல அது வீடு வீடாகப் பழகிக்கொண்டது. இராசமலர் ஐந்து பிள்ளை பெற்றார். வளர்த்தது எத்தனை என்று கேட்டால் கையை விரிப்பார். அவருடைய கிடாரம் ஒழுங்கையில் நடந்த கலியாணம், சாமத்திய வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் போய்க்கொண்டேயிருந்ததில், மூத்த மகளின் கலியாணத்துக்கு அவரே அதை இன்னொரு வீட்டில் இரவல் கேட்க வேண்டி வந்தது. தந்தவள் கவனமாகத் திருப்பித் தரும்படி சொல்லி விட்டாள். இராசமலரும் கவனமாகத் திருப்பிக் கொடுத்தார். தில்லைநாதன் நெல்மூட்டை குறைவதைப் பார்த்து, எலி பெருத்துவிட்டது என்று சொல்லிப் பொறி வாங்கி வைத்தார். அவருக்குத் தெரியாதா என்ன. ஆனால் பெண்சாதியைக் கேட்பதைவிட எலியைக் குற்றம் சொல்வது சுகம் என்று கண்ட மனிதர் அவர்.

கொடுப்பது பெரிய குணம்தான். வாங்குகிறவர்களின் மானத்தையும் யாராவது பார்க்க வேண்டுமல்லவா? அதைப் பார்த்தவள் கமலாட்சி. உடுவிலில் தபால் கந்தோர்க்காரரின் மகள், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் மாசிலாமணிக்கு வாழ்க்கைப்பட்டு, இராசமலரின் அடுத்த காணிக்கு ஒரு தகரப்பெட்டியும் சுருதிப்பெட்டியுமாக வந்தாள். நடக்கும்போது மண் காலில் படாத மாதிரி நடப்பாள். மாசிலாமணி நேர்மையான ஆள், சங்கக்கடை அரிசியில் ஒரு மணி வீட்டுக்கு வராது. ஆனால் முந்நூற்றிநாலு சீட்டு விளையாட உட்கார்ந்தால் வீடு ஒன்று இருப்பதே அவருக்கு நினைவு வராது. கலியாணம் முடிந்த புதிதில் ஒருதரம் சங்கத்துக்குச் சாமான் எடுக்கக் கிளிநொச்சிக்குப் போனவர் சீட்டோடு அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் அரிசி முடிந்துபோனது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கமலாட்சி சுருதிப்பெட்டியை அமத்திக்கொண்டு இருந்தாள். பகல் புகை வந்து அவளுடைய கிடுகுக் கூரையில் படுத்தது. வெளியே வந்து பார்த்தாள். ஒழுங்கை முழுக்க வேலி பார்த்துக்கொண்டு நின்றது.

இராசமலர் கொண்டு வந்தது சிவத்தப் பச்சையரிசிச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை. கமலாட்சி கதவைச் சாத்திவிட்டு அழுதுகொண்டே அவ்வளவையும் சாப்பிட்டாள். குழம்பு அழுகையையும் மீறி ருசியாக இருந்ததுதான் அவளுக்கு அதைவிட வெட்கம். பிறகு சட்டியைக் கழுவினாள். சாப்பாடு வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பக் கூடாது, வீட்டில் இருப்பதில் ஒன்றைப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். வீட்டில் ஒன்றும் இல்லை. வளவில் தானாக முளைத்த கறிவேப்பிலையில் இரண்டு கெட்டு முறித்துப் போட்டுக் கொடுத்தாள். இராசமலர் அதை முகர்ந்து பார்த்து, இந்த மண்ணில் இப்படி வாசம் வருமென்று தனக்குத் தெரியாது என்று சொல்லி வாங்கிப்போனார். அன்றைக்குக் கமலாட்சி ஒரு சபதம் எடுத்தாள்: இந்தப் புகை இனி என் கூரையில் படுக்கக் கூடாது.

பொய்யடுப்பு தொடங்கியது அப்படித்தான். அரிசி இல்லாத நாட்களில் அவள் மற்ற வீடுகளுக்கு முந்தி அடுப்பு மூட்டுவாள். பனங்கொட்டை ஊமல், தேங்காய்ப் பொச்சு, ஈரத் தென்னோலை என்று புகை அதிகம் வரக்கூடியதாகப் பார்த்து வைத்து, பானையில் வெறும் தண்ணீரைக் கொதிக்க விடுவாள். அகப்பையைப் பானையில் தட்டிச் சத்தமும் போடுவாள். இராசமலர் வீட்டுப் புகை வரும். வேலிவரை வந்து, அங்கே மரியாதையாக நின்றுவிடும். ஏமாந்ததோ, ஏமாந்த மாதிரிக் காட்டியதோ தெரியாது. ஆனால் அந்த நாட்களில் மட்டும் இராசமலருக்குத் தன் சமையலில் சந்தேகம் வந்துவிடும். ஒரு சட்டி நிறையக் கறியும், தொட்டுப் பார்க்கச் சோறும் கொண்டு, வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் வருவார்.

"கமலம், என்ர நாக்குச் செத்துப்போச்சு. ஒருக்கா உப்புப் பாத்துச் சொல்லும்."

கமலாட்சி உப்புப் பார்ப்பாள். சட்டியின் அடி தெரியும்வரை பார்ப்பாள். கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு, "உப்புக் குறைவு மலரக்கா," என்பாள். என்றைக்கும் அதே தீர்ப்புத்தான். சட்டியில் கறிவேப்பிலை போட்டுத் திருப்பி அனுப்புவாள். கூப்பன் காலம், பாணுக்கு வரிசையில் நின்ற காலம், இரணைமடு வற்றிய வருடங்கள் எல்லாம் இப்படியே கழிந்தன. ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இராசமலருக்கு உப்புப் போடத் தெரியாது என்ற கதையை ஒழுங்கை முழு மனதோடு நம்பிவந்தது.

தில்லைநாதன் வயலில் வரம்பில் இருந்தபடியே ஒருநாள் கண்ணை மூடினார். பொறியில் அதுவரை ஓர் எலியும் பட்டிருக்கவில்லை. யாழ்ப்பாணம் ஒரேயடியாக இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்த வருடம் ஒவ்வொரு மரத்தின் கீழும் ஒரு குடும்பம் இருந்தது. இராசமலரின் புகை நூல் நூலாகப் பிரிந்து ஆளுக்கொரு இழையாகப் போனது. அந்தக் காலத்தில்தான் கிடாரம் நிரந்தரமாக அவர் வீட்டில் நின்றது. பிறகு கடைசிச் சண்டையில் உரலை விட்டுவிட்டு, கிடாரத்தை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஒழுங்கை முழுவதும் கிழக்கே போனது. மேலே விமானம் சுற்றுவதால் அந்த மாதங்களில் புகை எழும்பவே இல்லை. தரையோடு தரையாக ஊர்ந்து, பங்கர் பங்கராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அந்த வழியில் இராசமலர் மூத்த மகளைப் பறிகொடுத்தார். மகள் விட்டுப்போன பேத்தி தேனுகாவின் கையைப் பிடித்தபடி நடந்தார். கமலாட்சி மாசிலாமணியைப் பறிகொடுத்தாள். செட்டிகுளத்து முகாமில் எல்லோரும் ஒரே வரிசையில் கோப்பையோடு நின்றார்கள். அங்கே பொய்யடுப்புக்கு வேலை இருக்கவில்லை. இராசமலர் மூன்று கல் வைத்து ஒரு நேரம் மூட்டினார். புகை எழும்பிக் கூடாரங்களைப் பார்த்தது. எங்கே படுப்பது என்று தெரியாமல் எல்லாக் கூடாரங்களின் மேலும் மெல்லிய சேலைபோல விரிந்து நின்றது. இராசமலர் அழுததை ஒழுங்கைச் சனம் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

திரும்பி வந்தபோது வீட்டுத்திட்ட வீடுகள் வந்தன, ஓடு வந்தது, கறன்ட் வந்தது. கனடாவிலிருந்த மகன் சுதாகரன் தாய்க்கு காஸ் அடுப்பு வாங்கக் காசு அனுப்பினான். நீல நெருப்பில் புகை இல்லை. ஒழுங்கை முதலில் நிம்மதியாக இருந்தது, தன் கூரை தன் கூரையாக இருந்தது. கொஞ்ச நாளில் பகல் நேரத்தில் வேலி பார்க்க வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் உண்மையாகவே வேலி கட்டத் தொடங்கினார்கள். வட்டக்கச்சியில் வேலிகள் ஒழுங்காக இருந்தது அந்த வருடங்களில்தான். பிறகு நாட்டில் காசு முடிந்து காஸ் இல்லாமல் போய், சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்த வருடம் எல்லோரும் பழையபடி விறகுக்குத் திரும்பினார்கள். இராசமலர் பின்வளவில் மூன்று கல் வைத்தார். எங்கேயோ போயிருந்த மாடு பட்டிக்கு வந்ததுபோல புகை எழும்பி நேரே சந்திக்கடை நிரோஜன் வீட்டில் போய்ப் படுத்தது. நிரோஜன் கடைக்காரன். கடையில் ஒன்றும் இல்லாதது யாருக்கும் தெரியாமல் வெற்றுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தான். கமலாட்சி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்து, அவனுக்கு ஈரத் தென்னோலையைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே என்று இரங்கினாள்.

காஸ் திரும்பி வந்தது. இராசமலர் திரும்பவில்லை. வெடிக்குமென்று பயம் என்று சொல்லிவிட்டார். தேனுகா படித்து, கந்தோர் வேலை எடுத்து, கலியாணம் முடித்து வவுனியாவில் ஒரு மேல்மாடி வீட்டுக்குப் போனாள். கனடாவும் வவுனியாவும் தொலைபேசியில் பேசி ஒரு முடிவுக்கு வந்தன: அம்மம்மா தானே சமைத்துச் சாப்பிடும்வரை தன் வீட்டில் இருக்கட்டும், முடியாத நாளில் வவுனியாவுக்குக் கூட்டி வந்துவிடலாம். நல்ல மனதோடு எடுத்த முடிவு. அந்த மேல்மாடியில் அடுப்பு மூட்ட இடமில்லை என்பது மட்டும்தான் குறை. அதனால் தேனுகா நாள்தோறும் காலையில் கமலாட்சிக்குப் போன் எடுத்து, அம்மம்மா வீட்டில் புகை வருகிறதா என்று கேட்பாள். கமலாட்சி எட்டிப் பார்த்து ஓம் என்பாள். புகை வந்தது. ஊமலும் பொச்சும் போட்டதுபோல நல்ல தடித்த புகை. எந்தக் கூரைக்கும் போகாமல் தன் வீட்டு முகட்டிலேயே நின்றது. ஊரில் பசி இல்லை போல என்று ஒழுங்கை சந்தோசப்பட்டது.

பிறகு ஒரு பகல் கமலாட்சி தன் குசினியில் பயித்தங்காய் வதக்கிக்கொண்டு நின்றபோது அவளுடைய அடுப்புப் புகை யன்னலால் வெளியே போனது. சோளகம் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. புகை அதை முகத்துக்கு நேரே தள்ளிக்கொண்டு வேலியைத் தாண்டி, மரியாதை தெரியாத புகை, வேலியில் நிற்கவுமில்லை, நேரே இராசமலரின் ஓட்டில் போய்க் காலை நீட்டிப் படுத்தது. கமலாட்சிக்குத் தலை விறைத்தது. யாருடைய கூரையில் யாருடைய புகை. யன்னலைச் சாத்தினாள். அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். நெருப்பு அணைந்தது, புகை எழும்பவில்லை. ஒழுங்கை வெளியே வந்து வேலி பார்க்கத் தொடங்கிவிட்டது. நிரோஜன் கடையைப் பூட்டாமலே வந்து நின்றான். ஒழுங்கை நினைப்பதற்கு முன் தானே நினைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் அவளுக்கு விளங்கியது. அந்தத் தடித்த புகை, ஊமல், பொச்சு. அவளைவிட வேறு யாருக்கு அது தெரியப் போகிறது?

அவள் சோறும் பயித்தங்காயும் மீன்குழம்பும் சட்டியில் போட்டு மூடி வேலிப் பொட்டுக்குள்ளால் போனாள். இராசமலர் பின்வளவில் அடுப்புக்கு முன்னால் பலகையில் இருந்தார். வற்றிய முகத்தில் சிரிப்பு மட்டும் பழையபடி இருந்தது. அகப்பையால் பானையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"வாரும் கமலம். இப்பதான் சமைச்சு இறக்கப் போறன்."

கமலாட்சி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். தெளிந்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"கறிக்குத் தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சுப் போல, மலரக்கா."

இராசமலர் சேலையை இழுத்துக் காலை மூடினார். பிந்திவிட்டது. கஞ்சி வடிக்கும்போது பானை கையை விட்டுப் போய் வெந்த புண் அதற்குள் தெரிந்துவிட்டது. பானையைத் தூக்கக் கையில் பலமில்லாமல் போய் எவ்வளவு காலம் என்று அவர் சொல்லவில்லை. பிளேன்ரீயும் பிஸ்கற்றும் போதும், வயது போனால் பசி குறைவு என்றார். வாழ்நாள் முழுக்க யார் வீட்டில் பசி என்று அறிந்த மனுசி தன் பசிக்கு இவ்வளவு மோசமாகப் பொய் சொல்வார் என்று கமலாட்சி நினைக்கவில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்," என்றார் இராசமலர். "தேனுகா அறிஞ்சால் நாளைக்கே வானோட வந்து நிப்பாள். அந்த மேல்மாடியில இருந்து நான் ஆற்ற கூரையைப் பாக்கிறது?"

கமலாட்சிக்கு வாயில் கதை தங்காது என்பது பரந்தன்வரை தெரிந்த விடயம். அவள் சட்டியை மூடிய இலையை எடுத்துவிட்டு அதை இராசமலரின் மடியில் வைத்தாள்.

"என்ர நாக்குச் செத்துப்போச்சு மலரக்கா. ஒருக்கா உப்புப் பாத்துச் சொல்லுங்கோ."

இராசமலர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உப்புப் பார்க்கத் தொடங்கினார். அடி தெரியும்வரை பார்த்து, விரலையும் நக்கி, "குறைவு," என்றார். தன் கறியைக் குறை சொன்ன கோபம் கமலாட்சிக்கே சிரிப்பாக வந்தது. கூரையில் கிடந்த புகை எழும்பிப் போனது. பின்னேரம் சட்டி திரும்பி வந்தபோது அதற்குள் இரண்டு கெட்டுக் கறிவேப்பிலை இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்கை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. இராசமலர் விடிய எழும்பிப் பொய்யடுப்பு மூட்டுவார். தேனுகா போன் எடுப்பாள். ஓம் பிள்ளை, நல்ல புகை, என்பாள் கமலாட்சி. அது பொய்யும் இல்லை. பகலானதும் ஏதாவது ஒரு வீட்டுப் புகை, இன்றைக்கு நிரோஜன் வீடென்றால் நாளைக்கு முன்வீட்டுத் தர்மிளா வீடு, இராசமலரின் ஓட்டில் போய்ப் படுக்கும். அந்த வீட்டுக்காரருக்குத் தங்கள் கறியில் உப்பைப் பற்றிச் சந்தேகம் வந்துவிடும். இராசமலர் ஒருவருக்கும் நல்ல தீர்ப்புக் கொடுத்ததில்லை. தேனுகா லீவில் வந்தால் அம்மம்மாவின் உடம்பு தேறியதைப் பார்த்து, தனியே சமைத்துச் சாப்பிடுவதுதான் சுகம் என்று கனடாவுக்குச் சொல்லுவாள். கமலாட்சி வாழ்க்கையில் காப்பாற்றிய ஒரேயொரு இரகசியம் அதுதான். அதைக் காப்பாற்றிய களைப்பில் அவள் மெலிந்துபோனாள்.

சில மாரிகள் அப்படிப் போனபின் ஒருநாள் இராசமலர் கமலாட்சியின் கத்தரிக்காய்க் குழம்புக்கு உப்புப் பார்த்துவிட்டு, பலகையில் சாய்ந்தபடியே போய்விட்டார். குறைவா கூடவா என்று சொல்லவில்லை. செத்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. கிடாரம் தர்மிளா வீட்டிலிருந்து வந்து, நிரோஜன் வளவில் அடுப்பேறி, எல்லா வீடுகளிலும் சமையல் நடந்தது. எல்லா வீட்டுப் புகையும் ஒன்றுவிடாமல் வந்து இராசமலரின் கூரையில் படுத்தது. வீடு இருந்த இடத்தில் ஒரு மேகம்தான் தெரிந்தது. கனடாவிலிருந்து வந்திறங்கிய சுதாகரன் படலையைக் கண்டுபிடிக்க முடியாமல் இரண்டுதரம் ஒழுங்கையைக் கடந்து போனான். வவுனியாவிலிருந்து வந்த சம்பந்திகள் வீடு பற்றி எரிகிறது என்று வாளியில் தண்ணீர் அள்ளி ஊற்றினார்கள். ஒழுங்கைக்காரர் தடுக்கவில்லை. வெளியூர் ஆட்கள், அவர்களுக்குத் தெரியாது.

எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையல் முடிந்து சொந்தம் கலைந்த மறுநாள் தேனுகா தாச்சிச் சட்டியைக் கழுவி, அம்மம்மாவின் அடுப்பை மூட்டிச் சமைத்தாள். ஒழுங்கை வெளியே வந்தது. அடுப்புக்கு ஆள் மாறிய பிறகு புகை என்ன செய்யுமென்று யாருக்கும் தெரியாது. அது முகட்டை விட்டு எழும்பி, வேலிக்கு மேலால் ஒருதரம் பார்த்தது. கமலாட்சி அன்றைக்கு மட்டுமல்ல, மலரக்காவின் செத்த வீடு முடிந்த நாளிலிருந்தே உலை வைக்கவில்லை. எட்டுச் செலவுச் சோற்றையும் பிசைந்துவிட்டு எழும்பியவள். புகை அசைந்ததைக் கண்டதும் கை தானாகக் குசினி மூலைக்குப் போனது. ஊமல் இருந்தது. பொச்சு இருந்தது. பானையில் தண்ணீரும் இருந்தது. நெருப்புக்குச்சியையும் எடுத்துவிட்டாள். புகை வேலிவரை வந்து, மரியாதையாக நின்று, காத்துக்கொண்டிருந்தது.

கமலாட்சி நெருப்புப் பெட்டியைத் திரும்ப வைத்தாள். வெளியே வந்து, கதிரையை முற்றத்தில் எல்லோரும் பார்க்கப் போட்டு, இருந்தாள். புகை வேலியைத் தாண்டி வந்து அவளுடைய கூரையில் படுத்தது.

தேனுகா சட்டியோடு வேலிப் பொட்டுக்குள்ளால் வந்தாள். அம்மம்மாவுக்கு இருந்த உயரம், அதே நடை. முதல்தரம் அந்த அடுப்பில் சமைத்த பயம் முகத்தில் தெரிந்தது.

"கமலம் அம்மம்மா, கறி எப்பிடி வந்ததோ தெரியேல்லை. ஒருக்கா உப்புப் பாத்துச் சொல்லுங்கோவன்."

அவளுக்கு அந்தக் கதை தெரியுமா, தெரியாமல் கேட்டாளா என்று ஒழுங்கை இன்றைக்கும் பட்டிமன்றம் நடத்துகிறது. கமலாட்சி சட்டியை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். கதவைச் சாத்தவில்லை. அழுததையும் மறைக்கவில்லை. அடி தெரிந்த பிறகு வாயைத் துடைத்தாள். ஒழுங்கை முழுவதும், வேலி பார்த்தவர்களும் குழை ஒடித்தவர்களும், எந்தத் தீர்ப்பு வருமென்று தெரிந்துகொண்டே காத்திருந்தது.

"அளவாயிருக்குப் பிள்ளை," என்றாள் கமலாட்சி.

நிரோஜனின் கையிலிருந்த வேலிக்கயிறு நழுவி விழுந்தது. கூரையில் கிடந்த புகை எழும்பி ஒழுங்கையின் மற்றக் கரைக்குப் போனது. அங்கே தர்மிளாவுக்குக் காய்ச்சல், அன்றைக்கு அவள் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. தேனுகா அதைப் பார்த்துவிட்டு இன்னொரு சட்டி எடுக்க வீட்டுக்குப் போனாள். கமலாட்சி எழும்பிச் சட்டியைக் கழுவி, கறிவேப்பிலை முறிக்க வளவுக்குப் போனாள்.